வாடகைக்கு எடுத்த ப்ரோப்: நாட்டால் அணைகளில் ஒரு கோடைக்காலம்

அணைநீரின் வேதியியலை அளக்கும் பருவகால வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, அளவுக்கருவியைச் சொந்தமாக வாங்கிவிடலாமா என்பதுதான். வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ஆனால் கடைக்காரர் கலர் திரையைக் காட்டிப் பேசும்போது நீங்கள் கேபிளின் நீளத்தைப் பாருங்கள், ஆக்சிஜன் சென்சாரின் மூடி எந்தத் தேதியில் மாட்டியது என்று கேளுங்கள். காசு அங்கேதான் இருக்கிறது.

நான் எடுத்தது, கையில் பிடிக்கும் திரைப்பெட்டி, 20 மீட்டர் கேபிள், அதன் நுனியில் சென்சார்கள் செருகிய ஓர் உலோகக் குழல், இவ்வளவும் சேர்ந்த கருவி. இங்கே எல்லோரும் இதை ப்ரோப் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வெப்பநிலை, மின்கடத்துதிறன், பிஹெச், கரைந்த ஆக்சிஜன், நீலப்பச்சைப் பாசியின் நிறமி, ஆழம் ஆகியவற்றை ஒரே முழுக்கில் அளக்கும். டர்பனில் ஒரு வாடகைக் கடையில் அக்டோபரில் எடுத்து ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தேன், இங்கே கோடை அப்போதுதான். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கருவியின் பெயரும் வேண்டாம். பெரிய தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் விற்கிறார்கள்.

வேலை நடந்தது உம்கேனி ஆற்றில். இந்த ஆற்றில் மேலிருந்து கீழாக மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு பெரிய அணைகள். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் குடிப்பது பெரும்பாலும் இந்த ஆற்று நீரைத்தான். ஹோவிக் ஊரை ஒட்டியுள்ள மிட்மார் 1965இல் கட்டியது, ஏறக்குறைய 235 மில்லியன் கன மீட்டர் பிடிக்கும். எனக்குப் பெரும்பாலும் மிட்மாரும் இனாண்டாவும். இரண்டும் ஒரே ஆற்றில் இருந்தாலும் ஒரே தண்ணீர் இல்லை. மிட்மார் மலையடிவாரத்துத் தண்ணீர், உப்பு குறைவு, தெளிவும் பரவாயில்லை. இனாண்டாவுக்கு வருவதற்குள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்தைக் கடந்துவரும் ம்சுண்டூசி ஆறு சேர்ந்துவிடுகிறது. நகரத்தின் கழிவுநீர் கொண்டுவரும் பாஸ்பரஸும் கூடவே வருகிறது. ஒரு ப்ரோப்பைச் சோதிக்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. முதல் அணையில் நன்றாக வேலை செய்த சென்சார் இரண்டாவதில் திணறும், சில சமயம் நேர்மாறாக.

ஆக்சிஜனிலிருந்து தொடங்குகிறேன். இந்த வேலையில் பாதி அதுதான்.

கோடையில் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடுகிறது, அடித்தண்ணீர் குளிர்ந்து கனமாகக் கீழேயே தங்கிவிடுகிறது. இடையில் சில மீட்டருக்குள் வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஓர் அடுக்கு உண்டு, தெர்மோக்ளைன் என்பார்கள். அதற்குக் கீழே காற்றும் போகாது, வெளிச்சமும் போகாது. மேலே செத்து விழும் பாசியையும் மற்ற குப்பையையும் நுண்ணுயிர்கள் தின்று, இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. தீர்ந்த பிறகு அடிச்சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து மேலே வரும், பாஸ்பரஸும் வரும், அழுகிய முட்டை வாடையும் வரும். சுத்திகரிப்பு நிலையத்தில் எந்த ஆழத்துக் கதவைத் திறந்து தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்வது இந்தப் படத்தை வைத்துத்தான். ஆகவே ஒவ்வொரு மீட்டரிலும் ஆக்சிஜன் எவ்வளவு என்ற எண் சரியாக இல்லாவிட்டால் மற்ற எதை அளந்தும் பயனில்லை.

இந்த ப்ரோப்பில் இருந்தது ஒளிவழி ஆக்சிஜன் சென்சார். மூடியில் பூசிய சாயத்தின் மேல் நீல ஒளி விழும், சாயம் சிவப்பாக ஒளிரும், ஆக்சிஜன் கூடக் கூட அந்த ஒளிர்வு சீக்கிரம் அணையும். அணையும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் எண் வருகிறது. பழைய சவ்வுவகை சென்சார் ஆக்சிஜனைத் தானே கொஞ்சம் தின்றுவிடும், அதனால் அதைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் அதற்கு உடம்பு சரியில்லாமல் போகும். ஒளிவழி சென்சாருக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. ஆட்ட வேண்டாம், சும்மா தொங்கவிட்டுக் காத்திருந்தால் போதும். இனாண்டாவின் நாறும் ஆழத்திலும் அது தடுமாறவில்லை. இதற்கு முழு மதிப்பெண்.

ஆனால் கடைக்காரர்கள் பெட்டிக்குள் வைத்திருந்த லேமினேட் செய்த அட்டைக்கு மதிப்பெண் கிடையாது. காற்றில் வைத்துச் சீரமைக்கும்போது, அதாவது சென்சாரின் எண்ணைத் தெரிந்த ஓர் அளவோடு பொருத்தும்போது, போனில் உள்ள வானிலைச் செயலியைப் பார்த்து காற்றழுத்தத்தைத் தட்டச் சொல்கிறது அந்த அட்டை. செயலி காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். டர்பன் கடற்கரையில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மிட்மார் இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1050 மீட்டர் உயரத்தில். அங்கே உண்மையான அழுத்தம் 890 ஹெக்டோபாஸ்கல் பக்கம்தான். 20 டிகிரியில் கடலோரத் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்தால் மிட்மார் தண்ணீர் 8.0 தான் பிடிக்கும். அட்டை சொன்னபடி கடல்மட்ட அழுத்தமான 1013ஐத் தட்டினால், அன்றைக்கு எடுக்கும் எல்லா எண்ணும் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாக வரும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. தண்ணீர் பிடிக்கக்கூடிய ஆக்சிஜனில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கில் அழகாக 100 காட்டும். கருவிக்குள்ளேயே காற்றழுத்தமானி இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. எனக்கு வந்த பெட்டியில் கையால்தான் தட்ட வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேளுங்கள், மலைப்பக்கம் போகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

சென்சாரை நம்பலாமா என்று பார்க்க நான் வைத்திருந்த வழி பழையது. 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரி வேதியியலாளர் வெளியிட்ட டைட்ரேஷன், அதாவது வேதித் திரவத்தைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து அளக்கும் முறை. கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு சல்ஃபேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தால், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வீழ்படிவு விழும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். ஜனவரி மாதத்தில் இனாண்டாவின் ஆழத்திலிருந்து எடுத்த குப்பி சுத்த வெள்ளை. ப்ரோப் அப்போது 0.1 என்று காட்டியது. மேல்தண்ணீரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பேசத் தகுந்ததாக இல்லை. விங்க்ளர் தெரிந்தவர்கள் அதற்கான குப்பிகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் சென்சார் மூடிக்கு என்ன வயது என்பதை வேறு எதுவும் உங்களுக்குச் சொல்லாது. சாயம் பழசாகும், கீறல் விழும், காய்ந்துபோனால் பல மணிநேரம் நனைத்து வைக்க வேண்டும். கடையில் மூடியின் தேதியைக் கேட்டபோது, "போன வருஷம்தான் மாற்றினோம்" என்றார்கள். போன வருஷம் எந்த மாதம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

வெப்பநிலை சென்சாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சரியாக வேலை செய்தது. ஆழமும் அப்படித்தான். ஒன்று மட்டும் சொல்லலாம். காற்றடிக்கும்போது படகு நகரும், கேபிள் சாய்ந்து போகும், கேபிளில் ஒட்டிய மீட்டர்க்குறி பத்து என்று சொன்னால் உண்மையான ஆழம் எட்டுகூட இருக்கலாம். அழுத்தத்தை வைத்து ஆழம் சொல்லும் சென்சார் இருந்தால்தான் தெர்மோக்ளைன் எங்கே என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அது இல்லாத மலிவு ப்ரோப்பை வாடகைக்குத் தந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் உள்நாட்டிலிருந்து வீசும் பெர்க் காற்று என்ற வெப்பக்காற்று இங்கே உண்டு. அது வீசும் நாளில் நங்கூரம் போட்டும் படகு நிற்காது.

பிஹெச் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாடகைக் கருவிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

இந்த சென்சாரின் கண்ணாடி மின்முனைக்கு வேலை செய்யத் தண்ணீரில் அயனிகள் வேண்டும். மிட்மார் மாதிரி உப்புக் குறைந்த தண்ணீரில் அது கல்யாணத்துக்குக் கூப்பிட்ட தாய்மாமன் மாதிரி, வருவார், ஆனால் எப்போது என்று தெரியாது. எண் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். திரையில் "நிலைத்துவிட்டது" என்ற பச்சைக் குறி வரும், அதை நம்பி அடுத்த மீட்டருக்கு இறக்கினால் பின்னால் பார்க்கும்போது வரைபடம் முழுக்க ஒரு பொய்ச்சரிவு தெரியும். மேலே இருந்து கீழே போகும்போது ஒரு எண், கீழே இருந்து மேலே வரும்போது அதே ஆழத்தில் வேறு எண். இரண்டு வழியிலும் எடுத்துப் பார்த்தால் சென்சாரின் சோம்பலை நேரடியாகப் பார்க்கலாம். கடை தந்த சீரமைப்புத் திரவங்கள் வழக்கமான 4, 7, 10. அவை அயனி நிறைந்தவை, அதில் சென்சார் நொடியில் சரியாகக் காட்டும், "பார்த்தீர்களா, பிரமாதம்" என்று கடைக்காரரும் சொல்வார். மிட்மாரில் அந்தப் பிரமாதம் கிடைக்காது. இனாண்டாவில் கிடைத்தது.

எனக்கு வந்த மின்முனை முதலிலேயே களைத்துப்போயிருந்தது. பெட்டியைத் திறந்தபோது நுனியில் உள்ள சிறு குப்பியில் சுத்திகரித்த தண்ணீர் இருந்தது. யாரோ முந்தைய வாடிக்கையாளர் நல்லெண்ணத்தோடு செய்திருப்பார். கண்ணாடி மின்முனையை அப்படி வைக்கக் கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். தூய நீர் உள்ளே உள்ள உப்பை வெளியே இழுத்துவிடும். அனுப்புவதற்கு முன் இதைப் பார்ப்பது கடையின் வேலை, பார்க்கவில்லை. மாற்று மின்முனை கேட்டேன், வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவரை மாதிரி நீரைக் குப்பியில் அடைத்து, ஆய்வகத்தில் உள்ள மேசைக் கருவியில் அளந்தோம். அது அவ்வளவு நல்ல வழி இல்லை. ஆழத்துத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமிலவாயு மேலே வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், பிஹெச் ஏறிவிடும்.

பிஹெச் எண்ணை இவ்வளவு துரத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பாசி செழித்த நாளில் இனாண்டாவின் மேல்தண்ணீர் பிற்பகலில் 9ஐத் தாண்டும். பாசி கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுவதால் அப்படி. அந்த பிஹெச்சில் தண்ணீரில் உள்ள அம்மோனியம் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாக மாறும் பங்கு வேகமாகக் கூடுகிறது. காலையில் எடுத்த எண்ணும் மாலையில் எடுத்த எண்ணும் இரண்டு வேறு அணைகள் மாதிரி இருக்கும். யார் எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்று எழுதாத பிஹெச் பட்டியல் குப்பைத்தொட்டிக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துதிறன் சென்சார் கெட்டி. மழைக்குப் பிறகு ஆற்றுத்தண்ணீர் அணைக்குள் எந்த ஆழத்தில் நுழைகிறது என்பதை அது ஒரு மீட்டர் பிசகாமல் காட்டியது. 2013இல் கட்டி முடித்த ஸ்பிரிங் குரோவ் அணையிலிருந்து மூய் ஆற்றுத் தண்ணீரை மிட்மார் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த மாதிரி வரவுகளைப் பார்க்க இந்த சென்சார் இல்லாமல் முடியாது. இங்கே கவனிக்க வேண்டியது அலகு. தென்னாப்பிரிக்காவில் அரசுப் பட்டியல்கள் எல்லாம் மீட்டருக்கு இத்தனை மில்லிசீமன்ஸ் என்று எழுதும். கருவிகள் பெரும்பாலும் சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்று காட்டும். மிட்மாரின் 8 என்பது கருவியில் 80. கருவியின் அமைப்பில் இந்த ஊர் அலகைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. இந்த ஊரில் வாடகைக்கு விடும் கருவிக்கு இது ஒரு குறைதான். கூடவே, 25 டிகிரிக்குத் திருத்திய எண்ணா திருத்தாத எண்ணா என்பதும் அமைப்புப் பக்கத்தில் மூன்று அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. முந்தைய வாடிக்கையாளர் அதை மாற்றி வைத்திருந்தால் உங்கள் எண்கள் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் வீதம் விலகும். கருவி கைக்கு வந்ததும் பழைய அமைப்பை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீலப்பச்சைப் பாசி சென்சாருக்குக் கடை தனியாகக் கட்டணம் வாங்குகிறது. அது தேவையா? இனாண்டாவுக்குத் தேவை, மிட்மாருக்கு அனேகமாகத் தேவையில்லை. ஆரஞ்சு நிற ஒளியைப் பாய்ச்சி, ஃபைகோசயனின் என்ற நிறமி திருப்பித் தரும் சிவப்பு ஒளியை அளக்கிறது. எண் ஏறினால் பாசி இருக்கிறது என்று தெரியும், எத்தனை என்று தெரியாது, நஞ்சு இருக்கிறதா என்றும் தெரியாது. மைக்ரோசிஸ்டிஸ் வகைப் பாசிக்கு மிதக்கும் குணம் உண்டு. காற்றில்லாத விடியலில் அது மேலே வந்து பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஒரு விரற்கடை தடிமனில் படியும், அப்புறம் காற்று கிளம்பினால் ஏதாவது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நடு அணையில் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கும் ப்ரோப் அதைப் பார்க்கவே பார்க்காது. ஜொஹான்னஸ்பர்க் பக்கம், இந்தப் பாசிக்குப் பேர்போன ஹார்ட்பீஸ்பூர்ட் அணையில் வேலை செய்தவர்களைக் கேட்டால் இதைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். நஞ்சை அளக்க மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். குடிநீரில் இந்தப் பாசியின் நஞ்சான மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, அந்த நுணுக்கத்துக்கு இந்த சென்சார் பக்கத்திலேயே வராது. ஆகவே இதை ஒரு மோப்பக்கருவியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே குப்பி இறக்குவது என்று சொல்ல அது போதும். அந்த வகையில் பலமுறை நேரத்தை மிச்சப்படுத்தியது.

கேபிள். இருபது மீட்டர் மிட்மாருக்குப் போதும் போதாததாக இருந்தது. சுவரருகே நிறைந்த அணையில் அடியைத் தொட இரண்டொரு மீட்டர் குறைந்தது. இனாண்டாவில் சுவர்ப்பக்கம் கேட்கவே வேண்டாம், பாதி ஆழத்துக்குக்கூடப் போதவில்லை. ஆழமான இடத்தில் வான் டோர்ன் குழாயில் தண்ணீரைப் பிடித்து மேலே இழுத்து, வாளிக்குள் ஊற்றாமல் குழாயின் அடியிலிருந்தே குப்பிக்கு மாற்றி விங்க்ளர் செய்தோம். கடையில் 30 மீட்டர் கேபிள் ஒன்றே ஒன்று இருக்கிறதாம், அதைச் சுரங்கக் கம்பெனிகள் வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கின்றனவாம். கேபிளில் இன்னொரு குறை, சுருட்டி வைக்க உருளை தருவதில்லை. ஈரக் கேபிளைப் படகில் குவியலாகப் போட்டால் கால் மாட்டும்.

எங்கள் படகோட்டி அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக் குழாய் சுருட்டும் பிளாஸ்டிக் உருளை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து படகின் ஓரத்தில் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேல்காரர். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, பேசிக் கேட்ட தமிழும் இந்த ஊர் ஆங்கிலமும் கலந்து பேசுவார், என்னைத் தம்பி என்பார். திரை எண்களில் அவருக்கு ஆர்வமில்லை, வானத்தில்தான் கண். கோடையில் மிட்மார் இருக்கும் மிட்லண்ட்ஸ் பக்கம் மதியத்துக்கு மேல் டிராகன்ஸ்பர்க் மலையிலிருந்து இடிமேகம் கிளம்பி வந்துவிடும். "தம்பி, மேலே கறுக்குது, சுருட்டு" என்றால் சுருட்ட வேண்டும், இன்னும் மூணு மீட்டர்தான் அண்ணே என்ற பேச்செல்லாம் எடுபடாது. திறந்த அணையில் உலோகக் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு மின்னல் என்றால் என்ன என்று அவர் விளக்கிய விதத்தை இங்கே எழுத முடியாது. ஆகவே வேலை விடியற்காலையில். அதனால் ப்ரோப் எவ்வளவு வேகமாக நிலைக்கிறது என்பது வெறும் வசதி இல்லை, எத்தனை இடம் முடிக்கலாம் என்பதே அதைப் பொறுத்தது. ஆக்சிஜனும் மின்கடத்துதிறனும் ஒரு நிமிடத்துக்குள் நிலைத்தன. பிஹெச்சுக்குத்தான் எல்லோரும் காத்திருந்தோம்.

திரைப்பெட்டி வெயிலில் படிக்க நன்றாக இருக்கிறது. போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு கோணத்தில் திரை முழுக்கக் கறுத்துவிடும், பயந்துவிடாதீர்கள், பெட்டியைத் திருப்பிப் பிடித்தால் தெரியும். பேட்டரி உள்ளேயே பொருத்தியது, சார்ஜ் போட வேண்டும். இந்த நாட்டில் மின்வெட்டு என்றால் என்ன என்று 2023இல் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், கடையில் கிடைக்கும் சாதாரண செல் போட்டு ஓடும் பழைய மாடல் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். பக்கியின் சார்ஜரில் போட இந்தப் பெட்டியின் கேபிள் பொருந்தவில்லை. பக்கி என்றால் இங்கே எல்லோரும் ஓட்டும் பிக்கப் வண்டி.

அணைக்கரையில் ப்ரோப்போடு நிற்பவரைப் பார்த்தால் ஆட்கள் வந்து கேட்பது ஒன்றுதான், தண்ணீரில் இறங்கலாமா? பிப்ரவரியில் மிட்மார் மைல் நீச்சல்போட்டி நடக்கும். 1974 முதல் நடக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் நீந்துவார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் இந்தக் கேள்வி தினமும் வரும். இந்த ப்ரோப்பால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கழிவுநீர் கலந்ததா என்று பார்க்க ஈ.கோலை எண்ண வேண்டும், அதற்கு மாதிரி எடுத்து ஒரு நாள் கதகதப்பில் வைக்க வேண்டும். ஆக்சிஜன் 100 சதவீதம், பிஹெச் அழகு என்று திரை சொல்லும் அதே தண்ணீரில் வயிற்றைக் கலக்கும் கிருமி இருக்கலாம். ம்சுண்டூசியில் தொடங்கி டர்பன் வரை நடக்கும் டூசி படகுப்போட்டியில் ஓடியவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு "டூசி கட்ஸ்" என்று ஊரே பெயர் வைத்திருக்கிறது. கடையின் விளம்பரத் தாளில் "முழுமையான நீர்த்தரச் சோதனை" என்று எழுதியிருப்பதை அழித்துவிடலாம்.

இனாண்டா கரையில் இன்னொரு விஷயம், பில்ஹார்சியா. தாழ்வான, வெதுவெதுப்பான இந்த அணைகளில் நத்தைகள் மூலம் பரவும் புழு நோய். படகு ஏற்றும் இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்க வேண்டியிருக்கும், ஆகாயத்தாமரை அடர்ந்த ஓரம் வேறு. தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸ் உங்கள் சொந்தச் செலவு, கடையில் அதெல்லாம் இல்லை. பருவம் முடிந்ததும் மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், பிரசிகுவான்டெல் என்ற மாத்திரை இருக்கிறது.

கடையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எடுக்கும் நாளில் உபசரிப்பு நன்று. டீ கொடுத்தார்கள், கருவியை நம் முன்னாலேயே தொட்டியில் இறக்கிக் காட்டினார்கள். நடுவில் கூப்பிட்டால் போனை எடுப்பார்கள், ஆனால் எடுப்பவருக்கு சென்சார் பற்றித் தெரியாது, தெரிந்தவர் எப்போதும் "சைட்டில்" இருக்கிறார். வாடகை என் மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு. நான் வேலை செய்த திட்டம்தான் அதைக் கொடுத்தது என்றாலும், கேட்டுக் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருந்தாலும் சொந்தமாக வாங்கியிருந்தால் மின்முனையும் மூடியும் மாற்றும் செலவு முழுக்க என் தலையில் விழுந்திருக்கும். மே முதல் செப்டம்பர் வரை கருவி அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கும். பருவகால ஆட்களுக்கு அது கட்டுப்படியாகாது.

திருப்பிக் கொடுக்கும்போதுதான் சண்டை. ஒப்பந்தம் ஈஸ்டர் வாரத்தில் முடிந்தது. புனித வெள்ளியன்று எங்கள் மாரியம்மன் கோயிலில் தீமிதி. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்களுக்கு ஈஸ்டர் விடுமுறையில் ஓய்வு கிடைத்த காலத்திலிருந்து இந்த மாகாணத்தில் அந்த நாளில்தான் நடக்கிறது என்பார்கள். எங்கள் படகோட்டி அண்ணனும் அன்று பூக்குழி இறங்குகிறவர். வெள்ளியிலிருந்து குடும்ப தினத் திங்கள் வரை நாடே விடுமுறை, கடையும் பூட்டு. செவ்வாய்க்கிழமை காலையில் கதவு திறந்ததும் கொடுத்தேன். அந்த நான்கு நாளுக்கும் தாமத வாடகை போட்டார்கள். கடை பூட்டியிருந்தது என்றேன், ஒப்பந்தத்தில் தேதிதான் இருக்கிறது என்றார்கள். கூடவே ஆக்சிஜன் மூடியில் கீறல் என்று ஒரு தொகை. எடுக்கும் நாளில் நான் போனில் பிடித்து வைத்த படத்தில் அதே கீறல் தெரிந்ததால் அந்தத் தொகையை விட்டுக்கொடுத்தார்கள். தாமத வாடகை போனது போனதுதான்.

மதிப்பெண் கேட்டால், ப்ரோப்புக்கு ஐந்தில் நான்கு, அந்த பிஹெச் மின்முனை இல்லாவிட்டால் நான்கரை. கடைக்கு இரண்டரை. அடுத்த பருவத்துக்கும் அதே கடையில்தான் எடுக்கப் போகிறேன். டர்பனில் இந்த வகைக் கருவி வாடகைக்கு விடும் இடம் அதிகம் இல்லை. ஆனால் இந்தமுறை ஆகஸ்டிலேயே முன்பதிவு, 30 மீட்டர் கேபிளுக்கு எழுத்தில் உறுதி, மூடி மாற்றிய மாதம் ரசீதில், முடிவுத் தேதி ஈஸ்டருக்கு அடுத்த வாரம். நவம்பரில் போய் நின்றால் மிச்சமிருக்கும் பத்து மீட்டர் கேபிளைத்தான் தருவார்கள்.